கையைக் காட்டு

— தள்ளி உட்காரு. கூடையைத் தொடாத. உன்னை யாரு இங்க வரச் சொன்னா?

— இந்த ஆஸ்பத்திரியிலேர்ந்துதான் ஃபோன் வந்துச்சு. முன்னாடி மேஜையில இருக்கற பொண்ணு பண்ணா. உங்க பூனையைக் கொண்டு வந்திருக்காங்க, வாங்கன்னா. பழைய அட்டையில என் நம்பர்தானே இருக்கு. எது, துரையா? கண்ணு தெரியலையா அவனுக்கு?

— தெரியல. நேத்து சாயங்காலம் கதவுல போய் முட்டினான். தூக்கக் கலக்கம்னு விட்டுட்டேன். காலையில எழுந்து பார்த்தா தண்ணிக் கிண்ணத்துக்குள்ள காலை வச்சுக்கிட்டு, கிண்ணம் எங்கன்னு தேடறான். கண்ணு ரெண்டும் கருகருன்னு விரிஞ்சு கிடக்கு. டார்ச் அடிச்சா சுருங்க மாட்டேங்குது. போதுமா? கேட்டாச்சுல்ல, கிளம்பு.

— டாக்டரம்மா என்ன சொன்னாங்க?

— இன்னும் ஒண்ணும் சொல்லல. கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பார்த்தாங்க, நெஞ்சுல குழாய் வச்சு ரொம்ப நேரம் கேட்டாங்க, ரத்தம் எடுத்தாங்க. அவனை உள்ளயே வச்சுக்கிட்டு என்னை வெளிய உட்காருங்கன்னுட்டாங்க. முகமே சரியில்ல அவங்களுக்கு.

— மத்ததுங்க? ராணி எப்படி இருக்கா? அந்த மொட்டை வாலு?

— அடடா, என்ன பாசம். ஒரு வருஷமா எட்டிப் பார்க்காதவனுக்கு இன்னைக்கு ராணி ஞாபகம் வந்துடுச்சு.

— வாசப்பக்கம் வந்தா போலீஸைக் கூப்பிடுவேன்னு சொன்னது யாரு, நானா?

— சொன்னேன். இப்பவும் சொல்வேன். பேச்சை மாத்தாத. ஒண்ணு கேக்கறேன், என் முகத்தைப் பார்த்து பதில் சொல்லு. நீ ஏதாவது வச்சியா?

— என்ன வச்சேனா?

— விஷம். பின்சுவர் வழியா எதையாவது தூக்கிப் போட்டியா?

— அடேயப்பா. அவ்வளவு தூரம் போயாச்சா நான்? சரி தாயே. உன் கணக்குல நான் கறி தின்னவன். கறி தின்னவன் பொய் சொல்வான், பொய் சொல்றவன் துரோகம் பண்ணுவான், துரோகம் பண்றவன் ராத்திரியில சுவரேறி வந்து பூனைக்கு விஷம் வைப்பான். ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா படி கட்டி வச்சிருக்க.

— ஆமா, படிதான். ஒருத்தன் தட்டுல என்ன இருக்குன்னு காட்டு, அவன் யாருன்னு நான் சொல்றேன். வலிக்கும்னு தெரிஞ்சே ஒரு உயிரை வெட்டித் திங்க முடியுதுன்னா அவனால எதையும் பண்ண முடியும்.

— கறி வேண்டாம்னு பேசற உங்க சங்கத் தலைவர் தட்டுல என்ன இருக்கும்? பாலு கூட இருக்காது. தேன் கூடத் தொட மாட்டார். நம்ம வீட்டுக்குக் கூட்டத்துக்கு வருவார்ல, அன்னைக்குக் கருணையைப் பத்தி ரெண்டு மணி நேரம் பேசினாரே, அவ்வளவு நேரமும் அவரோட டிரைவர் வெயில்ல காருக்குள்ளயே உட்கார்ந்திருந்தார். ஏசி போடக்கூடாதுன்னு உத்தரவு. நான் ஒரு டம்ளர் தண்ணி கொண்டு போய்க் கொடுத்தேன். அதுக்குத் தலைவர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, தம்பி, ஆளுங்களை ரொம்பப் பழக்கப்படுத்தாதீங்கன்னார். அந்தத் தட்டை வச்சு அவரை என்ன ஆளுன்னு நீ சொல்லுவ?

— அவர் ஒருத்தர் அப்படி இருந்தா? நான் அப்படியா?

— எங்கம்மாவைக் கேளு.

— உங்கம்மாவை நான் என்ன பண்ணேன்?

— என்ன பண்ணியா? அவ்வளவு தூரம் பஸ்ல வந்து இறங்கி, மகன் வீடுன்னு ஆசையா வாசல்ல நிக்கறாங்க. கையைக் காட்டுங்கன்ன. வரவேற்க ஏதோ கொடுக்கப்போறன்னு நினைச்சு ரெண்டு கையையும் நீட்டினாங்க. நீ குனிஞ்சு மோந்து பார்த்த. உள்ள வர்றதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்கன்ன. அந்த மனுஷி குழாயடியில நின்னு கழுவினாங்க பாரு, அழுக்கு இல்லாத கையை, கழுவிக்கிட்டே இருந்தாங்க. அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிட்டாங்க. ஏம்மான்னு கேட்டதுக்கு, உடம்புக்கு ஒண்ணும் ஒத்துக்கலடான்னு மட்டும் சொன்னாங்க.

— நான் எல்லார் கையையும்தான் பார்த்தேன். அது வீட்டு வழக்கம். உன் கையைப் பார்க்கலையா?

— பார்க்காம என்ன? தினமும் பார்த்த. நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி வேலை செஞ்சுட்டு, முதுகு ஒடிஞ்சு வந்து நிப்பேன். வந்தியா, சாப்பிட்டியான்னு கேக்க மாட்ட. கையைக் காட்டுன்னுதான் சொல்வ. கிரீஸ் நாத்தத்துக்குள்ள மூக்கை விட்டுக் கறி வாசனை தேடுவ.

— தேடினதுல என்ன தப்பு? கடைசியில கிடைச்சுதுல்ல? கல்யாணத்துக்கு முன்னாடி என்ன சொன்ன? உனக்காக விட்டுட்டேன், இனிமே தொட மாட்டேன்னு சத்தியம் பண்ண. நான் நம்பினேன். என் சிநேகிதிங்ககிட்ட எல்லாம் பெருமையாச் சொன்னேன், பாருங்கடி, மனுஷன் மாறுவான்னு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, கூட்டத்துக்கு வீடு நிறைய ஆளு. வேற யாரும் இல்ல, துரைதான், அந்த வாயில்லாப் பிராணிதான் உன் பையைக் கிழிச்சு டப்பாவை நடுக்கூடத்துக்கு இழுத்துட்டு வந்தான். மூடி திறந்து கொட்டுச்சு. கோழி ஈரல், இதயம். வேக வச்சு, துண்டு துண்டா நறுக்கி. அத்தனை பேர் முன்னாடி.

— அப்ப நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. பாருங்க, இவனுக்கே அருவருப்பா இருந்திருக்கு, அதான் இழுத்துட்டு வந்து காட்டிக் கொடுக்கறான்னு சொன்னேன்.

— ஆமா. கைகூடத் தட்டினாங்க. துரை அங்கயே நின்னுக்கிட்டு வாயை நக்கிட்டு இருந்தான். அத்தனை பேர்ல ஒருத்தர் கண்ணுக்கும் அது படல.

— என்ன சொல்ல வர்ற?

— ஒண்ணும் சொல்ல வரல. டாக்டரம்மா வர்றாங்க பாரு.

— துரையைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்மா. இவர் உங்க வீட்டுக்காரரா? நல்லது. ரெண்டு பேரும் இருங்க. சத்தம் மட்டும் கம்மி பண்ணுங்க, பக்கத்து ரூம்ல ஒரு நாய்க்கு மயக்கம் தெளியுது. கேளும்மா, இவனுக்கு என்ன சாப்பாடு போடறீங்க?

— நானே செய்யறது டாக்டர். கடை டப்பா எதுவும் கிடையாது. பருப்பு வேக வச்சு மசிச்சு, பூசணிக்காய், சோயா மாவு, கொஞ்சம் எண்ணெய். சுத்தமா, பச்சப்புள்ளைக்குச் செய்யற மாதிரி செய்வேன்.

— கறி?

— எங்க வீட்ல கறியே கிடையாது டாக்டர். ஏழு பூனைக்கும் ஒரே சாப்பாடுதான். வாசல்ல போர்டே வச்சிருக்கேன். இந்த வீட்டில் எந்த உயிரும் இன்னொரு உயிரை உண்பதில்லைன்னு.

— ஓ. அந்தப் போர்டு வீடு நீங்கதானா? ஸ்கூல் ஸ்கூலாப் போய்ப் பேசறது?

— ஆமா டாக்டர். சனிக்கிழமை சனிக்கிழமை போவேன். பிள்ளைங்க நல்லா கேப்பாங்க. நீங்களும் கேள்விப்பட்டிருக்கீங்களா?

— கேள்விப்பட்டிருக்கேனா? போன மாசம் ஒரு சின்னப் பொண்ணு பூனைக்குட்டியைத் தூக்கிட்டு வந்தா. எலும்பும் தோலுமா இருந்துச்சு. கறி கொடுத்தா பாவம்னு ஒரு ஆன்ட்டி ஸ்கூல்ல சொன்னாங்கன்னு அவங்கம்மாகிட்ட அடம் பிடிச்சு நிறுத்தியிருக்கா. அந்த ஆன்ட்டி கையில கிடைச்சா என்ன பண்றதுன்னு அன்னைக்கே நினைச்சேன். இப்ப நீங்களே வந்து உட்கார்ந்திருக்கீங்க, எனக்குத் திட்டறதுக்கு நேரமில்ல. கேளும்மா. இவன் கண்ணுக்குப் பின்னாடி இருக்கற திரை செத்துப் போச்சு. விஷம் இல்ல, அடி இல்ல, கிருமி இல்ல. சாப்பாடு.

— சாப்பாடா? அவன் தட்டை நக்கி வச்சிடுவானே டாக்டர்.

— பசிச்சா நக்கத்தான் செய்யும். வேற என்ன பண்ணும், ஹோட்டலுக்கா போகும்? பூனைக்கு ஒரு சத்து வேணும். அதை நம்ம உடம்பு தானே செஞ்சுக்கும், நாய் உடம்பும் பெரும்பாலும் செஞ்சுக்கும். பூனையால முடியாது. கறியில இருந்துதான் எடுத்துக்கணும். கறி ஆகாதுன்னு பிடிவாதமா இருக்கறவங்க அந்தச் சத்தை மருந்தாவாவது வாங்கிக் கலக்கணும், அதுவும் டாக்டர்கிட்டக் காட்டிக்கிட்டே. நீங்க அதையும் செய்யல. அது கிடைக்கலேன்னா கண்ணு போகும், இதயம் ஊதும். இவனுக்கு ரெண்டும் ஆகியிருக்கு.

— கண்ணு திரும்ப வருமா?

— வராது.

— டாக்டர், நான் வேணும்னு பண்ணல. அதுங்க மேல உயிரையே வச்சிருக்கேன்.

— வச்சிருக்கீங்க, தெரியுது. பல் தேய்ச்சு விட்டிருக்கீங்க, நகம் வெட்டியிருக்கீங்க, உடம்புல ஒரு உண்ணி கிடையாது. அதான்மா எனக்கு ஆத்திரமா வருது. எத்தனை நாளா இந்தச் சாப்பாடு?

— மூணு வருஷமா. அந்தப் போர்டு வச்ச நாள்லேர்ந்து.

— இருக்காது.

— நிஜமாத்தான் டாக்டர். ஒரு வேளை கூடத் தவறினது இல்ல.

— இருக்காதுன்னு சொல்றேன்ல. மூணு வருஷமா இதை மட்டும் தின்னிருந்தா எப்பவோ கண்ணு போயிருக்கும். போன வருஷம் ஊசி போட ஏழையும் கொண்டு வந்தீங்க, நானே பார்த்தேன், ஒவ்வொண்ணும் கண்ணு கண்ணாடியா இருந்துச்சு. இது இந்த ஒரு வருஷத்துல நடந்தது. அதுக்கு முன்னாடி எங்கேர்ந்தோ கறி கிடைச்சிருக்கு. வெளிய போய் எலி பிடிச்சானா?

— வெளிய விடறதே இல்ல. வீட்டுக்குள்ள பல்லி பிடிச்சாக்கூட வாயிலேர்ந்து பிடுங்கி விட்டுடுவேன்.

— அப்போ யாரோ போட்டிருக்காங்க. யாருன்னு வீட்டுக்குப் போய் யோசிங்க. இப்ப அவனுக்கு மூச்சு வாங்குது, நான் ஊசி போடணும். மத்த ஆறையும் இன்னைக்கே கொண்டு வாங்க. அதுங்களுக்குக் கண்ணு இன்னும் மிச்சம் இருந்தா இன்னைக்குக் கறி போட்டாத்தான் உண்டு. நாளைக்கு, நாளன்னைக்கு, சங்கத்துல கேட்டுச் சொல்றேன், அந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வேண்டாம்.

— கதவைச் சாத்திட்டு உள்ள போயிட்டாங்க. அந்த டப்பா.

— ம்.

— அந்த டப்பா உனக்கில்லையா?

— கோழி இதயத்தை உப்பில்லாம, மிளகாய் இல்லாம, வெந்த தண்ணியோட சேர்த்து, நகத்தளவு நறுக்கி எந்த மனுஷன்டி தின்பான்? அன்னைக்கு அத்தனை பேர் நின்னீங்க. ஒருத்தருக்காவது தோணணுமே.

— ரெண்டு வருஷமாவா?

— ரெண்டு வருஷமும். லிஃப்ட் மெஷின் ரூம் மொட்டை மாடியில இருக்கும், யாரும் ஏறி வர மாட்டாங்க. அங்க ஒரு மின்சார அடுப்பு வச்சிருந்தேன். மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் வேக வைப்பேன். மூணு கவர் போட்டுச் சுத்திக் கொண்டு வருவேன். முதல்ல பின்பக்கம் துணி துவைக்கற இடத்துக்குப் போவேன். ஏழும் வரிசையா வந்து உட்கார்ந்திருக்கும், ஒரு சத்தம் போடாது. அதுங்களுக்கே தெரியும்போல, சத்தம் போட்டா மாட்டிக்குவோம்னு. அப்புறம் கிரீஸ் எடுக்கற பவுடரைப் போட்டுத் தோல் உரியற வரைக்கும் கையைக் கழுவிட்டு, கொஞ்சம் கிரீஸைத் திரும்பப் பூசிக்கிட்டு, முன்வாசல் வழியா வந்து உன்கிட்ட நீட்டுவேன்.

— உன்னைக் கண்டாலே அதுங்க ஓடி வரும். எனக்குப் பொறாமையா இருக்கும். செய்யறது எல்லாம் நான், ஓடறது அவன்கிட்டயான்னு. ஏன் என்கிட்ட சொல்லல?

— சொல்லலையா? போர்டு வச்ச வாரமே சொன்னேன். சமையல்கட்டுல நின்னுக்கிட்டு, இது நாய் இல்ல பூனை, இதுக்குக் கறி வேணும்னு படிச்சேன், யாராவது டாக்டர்கிட்டக் கேப்போம்னு சொன்னேன். நீ பூசணிக்காய் வெட்டிக்கிட்டு இருந்த. திரும்பிக்கூடப் பார்க்கல. பூனையைச் சாக்கு வச்சு உன் நாக்குக்கு வழி தேடறியான்னு கேட்ட. அதோட நான் வாயை மூடிட்டேன். என்ன பேசினாலும் என் நாக்குதானே பேசுதுன்னு நீ முடிவு கட்டியாச்சு.

— அன்னைக்குக் கூடத்துலயாவது சொல்லியிருக்கலாம்ல. இது எனக்கில்ல, இதுங்களுக்குன்னு.

— சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? பூனைங்களையே கெடுத்துட்டான்னு சொல்லியிருப்ப. அந்தத் துணி துவைக்கற இடத்துக்குப் பூட்டுப் போட்டிருப்ப. உன் பேச்சைக் கேட்டு வந்தவங்க முன்னாடி உன் மானம் போயிருக்கும். இதை எல்லாம் யோசிக்கறதுக்குள்ள நீ என் கையைப் பிடிச்சு எல்லாருக்கும் காட்டின. கொலைகாரன் கையைப் பாருங்கன்ன.

— சொன்னேன்.

— மூணு வருஷமா உன்கூட ஒண்ணாக் குடும்பம் நடத்தின புருஷன் நான். என் கையை எல்லார்கிட்டயும் அப்படிக் காட்டின.

— சொன்னேன்னு சொல்றேன்ல. இன்னும் என்ன பண்ணச் சொல்ற? உன் கால்ல விழணுமா? நான்தான் குருடாக்கினேன். என் கையால மசிச்சு மசிச்சு ஊட்டினேன். போதுமா? அந்த ஸ்கூல் பொண்ணோட பூனைக்குட்டி வேற. அதுக்கு யாருகிட்டப் போய் மன்னிப்புக் கேக்கறது?

— அழாத. முன்னாடி உட்கார்ந்திருக்கற பொண்ணு பாக்குது.

— பார்க்கட்டும். வெளிய போனப்புறம் நீ வரவே இல்லையா? அதுங்களைப் பார்க்கணும்னு தோணலையா?

— வந்தேன். அந்த வாரமே. டப்பாவோட பின்சுவர் ஏறினேன். மேல கம்பி வலை போட்டிருந்த. கிழிச்சுக்கிட்டதுதான் மிச்சம், இங்க பாரு, முழங்கையில தழும்பு. ராணி அந்தப் பக்கம் நின்னு கத்தினா. வலை ஓட்டையில விரலை விட்டு ஒரு துண்டு போட்டேன். ரெண்டாவது துண்டு போடறதுக்குள்ள உள்ள விளக்கு எரிஞ்சுது.

— பக்கத்து வீட்டுக்காரங்க மீன் தலையைப் போடறாங்கன்னுதான் வலை போட்டேன். போட்டிருந்தாலாவது... கடவுளே. அன்னைக்கு ராணி கத்தறான்னு எழுந்து வந்து பார்த்தேன். யாரையும் காணோம். வா தங்கம், தூங்குன்னு தூக்கிட்டுப் போனேன்.

— ம்.

— இப்ப தனியா இருக்கியே, உனக்கென்ன தடை? நிம்மதியாக் கறி சாப்பிடறியா?

— இல்ல.

— பொய் சொல்லாத. இனிமே என்கிட்ட எதுக்குப் பொய்?

— சத்தியம் பண்ண அன்னைக்கு விட்டது, அதுக்கப்புறம் ஒரு துண்டு வாயில வச்சது கிடையாது. தினமும் அந்த இதயத்தை நறுக்கினேன்ல, சின்னதா, விரல் நுனி அளவு, அதுல ஒரு குட்டி ஓட்டை இருக்கும், ரத்தம் உறைஞ்சு கிடக்கும். முதல்ல உனக்காக விட்டேன். அப்புறம் எனக்கே முடியல. இப்பவும் வேலை செய்யற இடத்துல எல்லாரும் வாங்கிச் சாப்பிடுவாங்க, நான் தயிர் ஊத்திக்கிட்டு ஓரமா உட்கார்ந்திருப்பேன். என்னடா சாமியார் ஆயிட்டியான்னு கிண்டல் பண்றாங்க.

— நான் உன்னைக் கறி தின்னவன்னு துரத்தினேன்.

— ஆமா.

— நீ தின்னதே இல்ல.

— அது ஒரு விஷயமா இப்ப?

— எனக்கு விஷயம்தான். உனக்கு வாயில வைக்கப் பிடிக்கல, ஆனாலும் அதுங்களுக்காக நறுக்கியிருக்க. நான் என் கை சுத்தமா இருக்கணும்னு பார்த்தேன், அதுங்க கண்ணைப் பார்க்கல. இனிமே எவன் தட்டையும் நான் பார்க்க மாட்டேன். அந்தப் போர்டை இன்னைக்கே கழட்டறேன். சங்கத்துல என்ன வேணா சொல்லட்டும், கேவலமாப் பேசட்டும், நான் பேசிக்கறேன். ஆனா எனக்கு நறுக்கத் தெரியாது. தொட்டதுகூடக் கிடையாது. நீ வந்து நறுக்கிக் கொடு. அதுக்குன்னு இல்ல. வீட்டுக்கு வா.

— யோசிச்சுப் பேசு. இன்னைக்கு மனசு கெட்டுப் போய்ச் சொல்ற.

— யோசிச்சாச்சு. டாக்டர் கதவைத் திறக்கறாங்க. தூக்கிட்டு வர்றாங்க பாரு, துரையை.

— கேளும்மா. மூச்சு இறங்கியிருக்கு. தண்ணி இறக்கற மருந்து போட்டிருக்கேன். இதயம் கொஞ்சம் கொஞ்சமாச் சரியாக வாய்ப்பு இருக்கு, சாப்பாடு சரியாக் கொடுத்தா. கண்ணு இல்லாமலேயே பூனை நல்லா வாழும், வீட்டுல சாமானை இடம் மாத்தாதீங்க, அவ்வளவுதான். இனிமே அவனுக்கு மூக்குதான் கண்ணு. திடீர்னு தூக்காதீங்க, பயந்துடுவான். முதல்ல கையைக் காட்டுங்க. மோந்து பார்த்து யாருன்னு தெரிஞ்சுக்கட்டும்.

— என் கையை மோந்து பார்த்துட்டான் டாக்டர். பேசாம இருக்கான்.

— தம்பி, நீங்களும் காட்டுங்க.

— வேண்டாம் டாக்டர். அப்புறம் பார்த்துக்கறேன்.

— இப்பவே காட்டுங்க, அவன் பழகணும்ல. ம், அப்படித்தான். பாருங்க, எப்படி எழுந்து உட்கார்றான். உங்களை நல்லாத் தெரியுது அவனுக்கு, கையில வாங்கிக்குங்க. சரி, உள்ள இன்னொரு கேஸ் இருக்கு. மத்த ஆறையும் மறக்காதீங்க.

— பாத்தியா, நக்கறான். தொண்டைக்குள்ள கொர்ருகொர்ருன்னு செல்லமா முனகறான் பாரு, உன்கிட்ட மட்டும்தான் இப்படி முனகுவான். ஒரு வருஷத்துல நான் இந்தச் சத்தத்தையே கேக்கல. கண்ணு இல்லாமலே அவனுக்குத் தெரியுது யாரு நல்லவங்கன்னு. கண்ணு இருந்து எனக்குத் தெரியல.

— அவனை என் கையிலேர்ந்து எடு.

— ஏன், இருக்கட்டுமே. ஆசையா நக்கறான்.

— எடுன்னு சொல்றேன்ல.

— என்ன ஆச்சு உனக்கு? ஏன் கையை இழுத்துக்கற?

— என்னை நல்லவன்னு சொல்லாத.

— நீ செஞ்சதைத்தானே சொல்றேன். என் திட்டு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு, ரெண்டு வருஷமா இதுங்களுக்குக் கண்ணைக் கொடுத்திருக்க. வேற யாரு... இரு. ஒரு நிமிஷம் இரு.

— என்ன?

— நீ வந்ததும் என்கிட்ட என்ன கேட்ட?

— எது வந்திருக்குன்னு கேட்டேன்.

— கண்ணு தெரியலையான்னு கேட்ட. நான் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே சொல்லல. ஃபோன் பண்ண பொண்ணுக்கும் தெரியாது, வாசல்ல பூனைன்னு மட்டும்தான் சொல்லி உட்கார்ந்தேன். அவ ஃபோன் பண்ணப்போ டாக்டர் அவனைப் பார்க்கவே இல்ல. பூனைக்கு உடம்பு சரியில்லைன்னா வாந்தியான்னு கேப்பாங்க, வண்டியில அடிபட்டுச்சான்னு கேப்பாங்க. நீ கண்ணான்னு கேட்ட.

— ஆமா.

— உனக்கு எப்படித் தெரியும்?

— முதல் தடவை ஈரல் வாங்கினப்பவே படிச்சேன். கறியை நிறுத்தினா உடனே ஒண்ணும் ஆகாது, ஒரு வருஷம் போல ஆகும், கண்ணுதான் போகும்னு போட்டிருந்துச்சு.

— அப்போ வெளிய போன அன்னைக்கே தெரியுமா? வலையைப் பார்த்துட்டுத் திரும்பிப் போன அன்னைக்கும் தெரியுமா? ஒரு ஃபோன். என்கிட்டப் பேசப் பிடிக்கலேன்னா டாக்டரம்மாகிட்ட ஒரே ஒரு ஃபோன் பண்ணியிருந்தா போதுமே.

— பண்ணலாம்னுதான் எடுப்பேன். எங்கம்மா குழாயடியில நின்னு கையைக் கழுவினது ஞாபகம் வரும், வச்சுடுவேன். ஒண்ணுக்காவது கண்ணு போகட்டும், அப்பத்தான் என் அருமை உனக்குத் தெரியும்னு காத்துக்கிட்டு இருந்தேன்.